போ வல்லோனில் ஒரு குடித்தனம்

"ஜன்னலைத் திறந்தா கடல்! கொடுத்து வச்சவடி நீ" என்று சொல்லித்தான் எங்கள் தெருவே என்னை வழியனுப்பியது. என்னவருக்கு ஸீஷெல்ஸில் இரண்டு வருஷ வேலை. நாலு வயசுப் பிள்ளையோடு மும்பை வழியாகப் போய் இறங்கினோம்.

மஹே தீவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது போ வல்லோன். தலைநகர் விக்டோரியாவிலிருந்து ஒரு மலையேறி இறங்கினால் வந்துவிடும். தூரம் கொஞ்சம்தான், ஆனால் அந்த வளைவுகளில் பஸ் போகிற வேகத்துக்கு, கம்பியை விட்டால் பக்கத்து மனுஷி மடியில்தான் உட்கார வேண்டும்! மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று. அப்போது எங்கள் பக்கத்துக் கடல் குளம் மாதிரி இருக்கும். டிசம்பரில் காற்று திசை மாறினால் அலையும் மழையும்தான்.

கடலை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும், சொல்லுங்கள்! பத்தாம் நாள் உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. பட்டுப்புடவை மடிப்பில் பூஞ்சணம். கத்தி, ஹேர்பின் எல்லாம் துரு. பீரோவில் கிராம்பு முடிச்சு போட்டு, மாதம் ஒருமுறை புடவைகளை நிழலில் உதறி மடித்த பிறகுதான் தப்பித்தேன். இட்லி மாவுக்கு மட்டும் அந்த ஊர் சொர்க்கம். மூன்று மணிக்கு அரைத்து வைத்தால் ராத்திரியே பொங்கி வழியும்.

காய்கறி விலை கேட்டால் மயக்கம் வரும். பல காய்கள் கப்பலிலும் விமானத்திலும் வருகிறவை. பெயர்தான் ரூபாய், நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிடத் தோன்றும். நான் பெருக்குவதை நிறுத்தினேன். கொல்லையில் காய்க்கிற சீமைப்பலா, வாழை, தேங்காய்க்கு மாறினேன். ஒருநாள் சந்தையில் ஒரு கட்டுக் கீரையைக் காட்டி "ப்ரெட் மூரும்" என்றாள் கடைக்காரி. பார்த்தால் நம் முருங்கைக்கீரை! 1770-ல் அங்கே முதலில் குடியேறிய 28 பேரில் ஐந்து பேர் இந்தியர்களாம். விக்டோரியாவில் 1992-ல் கட்டிய நவசக்தி விநாயகர் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் நான் நடுரோட்டில் நின்று அழுதேன் என்றால் நம்புவீர்களா?

வெளிநாட்டவர் அங்கே வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும். கணவருக்குக் கிடைத்த சீட்டு மனைவிக்குச் செல்லாது. இங்கே டீச்சராக இருந்த நான் அங்கே பகலெல்லாம் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். அப்போது துணையாக வந்தவர் பக்கத்து வீட்டு மதாம். அறுபது வயசிருக்கும். வேலிக்கு மேல் "போன்ஸூர்!" என்பார். எனக்குக் க்ரேயோல் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் சமையலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம்!

அவர் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. மழை பெய்த தரையில் பிள்ளை வெறுங்காலோடு ஓடினால் சத்தம் போடுவார். 'நம்மூரில் ஓடாத பிள்ளையா' என்று நான் சிரித்து விட்டுவிட்டேன்.

ஜனவரியில் ஒரு வாரம் விடாத மழை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரண ஜுரம் என்று கஷாயம் கொடுத்தேன். மறுநாள் "கால் வலிக்குதும்மா" என்று கெண்டைக்காலைத் தொடவிடாமல் அழுதான். கண்ணெல்லாம் சிவப்பு. சளியே இல்லை. மதாம் வந்து பார்த்தார், குதிகாலில் இருந்த சின்ன வெட்டைக் காட்டினார், "லெப்டோ" என்றார். என்னவருக்குப் போன் போடக்கூட விடாமல் காரில் ஏற்றினார்.

அது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரிலிருந்து, காலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு வழியாகக் கிருமி உள்ளே போகிறதாம். மழையும் எலியும் சேர்ந்த அந்தத் தீவுகளில் அது பேர் பெற்ற வியாதி. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும்; விட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் என்று போய்விடும் என்று டாக்டர் சொன்னபோது என் கை நடுங்கியது. மலேரியா இல்லாத ஊர் என்று நிம்மதியாக இருந்தவள் நான்! (நம் ஊர் மழைக்காலத்திலும் இது வருகிறது. மழைத் தண்ணீரில் நடந்த பிள்ளைக்குக் காய்ச்சலோடு கால் வலியும் இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.)

ஐந்தாம் நாள் பிள்ளை "தோசை" என்று கேட்டான். அன்றைக்கே தேங்காய் மூடி, குப்பை எல்லாவற்றையும் கொல்லையிலிருந்து வாரிப்போட்டு, வாசலில் மூன்று ஜோடி ரப்பர் செருப்பு வைத்தேன்.

சீமைப்பலா தின்றவர்கள் அந்த ஊருக்குத் திரும்பி வருவார்கள் என்று அங்கே ஒரு பேச்சு. கிளம்புகிற அன்று மதாம் அதைச் சீவி, பொரித்து, ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். விமானம் ஏறுவதற்குள் பிள்ளை பாதியைத் தின்றுவிட்டான். மீதியை நான் தின்றேன்.