மூன்று பல் இலை

வீடு மாறிப் போன பக்கத்து வீட்டம்மா, லாரியில் ஏற்றினால் உடைந்துவிடும் என்று ஒரு போன்சாயை என்னிடம் விட்டுப் போனார். நீலப் பீங்கான் தட்டில் ஒரு சாண் உயர மரம். என்ன மரம் என்று கேட்டேன். "நர்சரியில சைனா டீன்னு சொன்னாங்க" என்றார். எனக்கு அது போதவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு மரத்தின் பெயர் தெரிய வேண்டாமா?

முதலில் ஓர் இலையைக் கிள்ளினேன். பால் வரவில்லை. ஆல், அத்தி, இச்சி எல்லாம் அந்த ஒரு கிள்ளலிலேயே கழிந்து போயின. பிறகு இலையை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தேன். பார்வைக்கு எண்ணெய் தடவிய பளபளப்பு, தொட்டால் சொரசொரப்பு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பொடியுப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். காம்புப் பக்கம் குறுகி, நுனிப் பக்கம் அகன்ற சின்ன இலை. நுனியில் மூன்று பல் வெட்டியிருந்தது.

அந்தப் பல்லைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறியது. பெயர் வரவில்லை, நாக்கு முந்திக்கொண்டது.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் அய்யனார் கோயில் காடு. காசா, வீரை, காரை, சூரை என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். உச்சி வெயிலிலும் உள்ளே மண் குதிரைகளின் காலடி ஈரமாகவே இருக்கும். அப்பத்தா என்னையும் சின்னம்மா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவாள். "என்ன வேணுமோ தின்னுக்க ஆத்தா. ஒரு குச்சிகூட வெளிய கொண்டு போகப்படாது" என்பாள். விறகுக்கு அவ்வளவு தட்டுப்பாடான காலத்திலும் அந்தக் காட்டில் பட்டு விழுந்த கிளை விழுந்த இடத்திலேயேதான் மக்கும்.

காட்டு ஓரத்தில், ஆடு மேயும் பக்கம், முழங்கால் உயரப் புதர் ஒன்று உண்டு. அதன் இலையை நாலைந்தாகப் பறித்து மென்றால் வெற்றிலை போட்டது போல வாய் சிவக்கும். குரங்கு வெற்றிலை என்போம். மென்று முடித்ததும் வரிசையாக நின்று அப்பத்தாவுக்கு நாக்கை நீட்டுவோம். யாருக்கு அதிகம் சிவந்திருக்கிறதோ அவர்களுக்கு வாய்க்கிற மாமியார் தங்கமானவள் என்று தீர்ப்புச் சொல்வாள். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் அதே தீர்ப்புத்தான். மாமியார் என்றால் யாரென்று சரியாகத் தெரியாத வயதில் அதற்காக இன்னும் நாலு இலை பறித்து மென்றிருக்கிறேன். கடைசியில் அப்பத்தாவும் ஒரு வாய் மெல்லுவாள். ஏற்கெனவே காவியேறிய அவள் நாக்கில் எதுவும் புதிதாகச் சிவக்காது. ஆனாலும் எங்களைப் போலவே நீட்டிக் காட்டுவாள்.

பெயர் கிடைத்தபின் தேடுவது எளிதாயிற்று. குருவிச்சி என்றும் இதற்குப் பெயர். உலகம் முழுக்க ஃபுக்கியன் டீ என்று விற்கிறார்கள், சீனத்து ஃபுஜியன் மாகாணத்தின் பெயரில். தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை. நறுவிலிக்குத்தான் சொந்தம். பிலிப்பைன்ஸில் 'காட்டுத் தேநீர்' என்று பொருள்படும் பெயர் சொல்லி, வயிற்று வலிக்கு இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள்.

தாவரவியல் பெயர்தான் என்னைக் கட்டிப்போட்டது. சிலர் இதைக் கார்மோனா என்கிறார்கள், சிலர் எரேஷியா. கார்மோனா என்பவர் ஓர் ஓவியர். 1754இல் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் லோஃப்லிங் ஸ்பெயினிலிருந்து தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது, செடிகளை வரைவதற்காக உடன் போனவர். எரேஷியா என்ற பெயருக்குரிய எரெட்டும் ஓவியர்தான். ஜெர்மனியில் தோட்டக்காரர் மகனாகப் பிறந்து, லின்னேயஸின் பாகுபாட்டு முறைக்கு 1736இல் படம் வரைந்து கொடுத்தவர். அறிஞர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இந்தச் செடி ஓர் ஓவியர் பெயரில்தான் நிற்கும். பூவின் காம்பை, இலையின் பல்லை எண்ணி எண்ணி வரைந்த கைகளுக்கு இதைவிட நல்ல மரியாதை என்ன செய்துவிட முடியும்?

சீனத்துக் குவாங்டாங் பக்கத்து லிங்னான் போன்சாய்ப் பாணியில் இந்த மரத்துக்குத் தனி மதிப்பு. கம்பி சுற்றி வளைப்பதை அவர்கள் பெரிதாக நம்புவதில்லை. கிளையை வளரவிட்டு வெட்டுவார்கள். பக்கத்துத் துளிர் திசை மாறிக் கிளம்பும். அதையும் வளரவிட்டு வெட்டுவார்கள். பல வருஷத்தில் அடிமரம் பருத்து, கிளை முறுகி, கிழமரத்தின் தோற்றம் வந்துவிடும். இதைப் படித்தபோது எங்கள் காட்டு ஓரத்துப் புதர்கள் கண்முன் நின்றன. குட்டை உயரம், கைப்பருமன் அடி, கோணல் மாணலான கிளைகள். அங்கே வெட்டியது ஆட்டின் வாய். துளிர்க்கத் துளிர்க்கக் கடித்து, நாற்பது வருஷ மரத்தை முழங்காலுக்கு மேல் எழவிடாமல் வைத்திருந்தது.

இலையை இன்னும் மென்று பார்க்கவில்லை. கடைச் செடி, என்ன மருந்து அடித்திருப்பார்களோ. ஆனால் போன வாரம் வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக இரண்டு பழம் சிவந்திருந்தன. பிசைந்து கொட்டையெடுத்து, செம்மண்ணும் மணலும் கலந்த மண்சட்டியில் ஊன்றியிருக்கிறேன். அதில் வருவதைக் கத்தரிக்கப் போவதில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அந்தச் சட்டியைத்தான் குனிந்து பார்க்கிறேன். இன்றைக்கு மண் லேசாக வெடித்திருந்தது.