ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ எத்தனை மணி நேரம்?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இப்போது கிட்டத்தட்ட 13 மணி நேரம் ஆகிறது. இத்தனைக்கும் ஊர் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

வீட்டில் பூமி உருண்டை இருந்தால் அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூலின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல்தான் கிடக்கும். அந்தக் குறுக்குவழியை நம்பித்தான் ஃபின்ஏர் நிறுவனம் தன் ஆசிய வியாபாரத்தையே கட்டியது. ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் டோக்கியோ போய்த் திரும்பிவிடும். சைபீரியா மேலே பறக்க ரஷ்யா நல்ல கட்டணம் வசூலித்தது, ஆனாலும் லாபம்தான். உக்ரைன் போர் வந்தது, ஐரோப்பிய விமானங்களுக்கு அந்த வானம் மூடியது, கணக்கு தலைகீழாகிவிட்டது.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது, இது பழைய கதை என்பதுதான். பனிப்போர்க் காலத்திலும் அந்த வானம் பெரும்பாலும் மூடித்தான் கிடந்தது. 1957இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ், கோபன்ஹேகனிலிருந்து வடதுருவம் வழியாக டோக்கியோவுக்கு விமானம் விட்டது. நடுவில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த விமான நிலையத்து உடோன் நூடுல்ஸ் கடை ஜப்பானியப் பயணிகளிடம் பேர்போனதாம். 1983இல் ஃபின்ஏர், டிசி-10 விமானத்தில் எங்கும் இறங்காமலே துருவத்தைச் சுற்றி டோக்கியோ போனது. அதற்கு ஆன நேரமும் சுமார் 13 மணிதான்! அதே ஆண்டு செப்டம்பரில், ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குக் கிளம்பி வழிதவறிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் படை சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். சுற்றிப் போவதன் நியாயம் அன்று எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

டோக்கியோவிலிருந்து ஹெல்சின்கி திரும்பியபோது நானும் அந்த வடபாதையில்தான் வந்தேன். பெரிங் நீரிணை, அலாஸ்கா, பிறகு துருவம். முன்சீட்டுத் திரையில் குட்டி விமானம் உலகத்தின் உச்சிக்கு ஏறி இறங்கியது. வெளியே ஒரே இருட்டு, பார்க்க ஒன்றுமில்லை. துருவத்தைக் கடந்ததற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். சுற்றுவழியில் அழைத்துப் போய்விட்டுப் பாராட்டுப் பத்திரம் தருவது நல்ல வேடிக்கை. ஆனாலும் அதை மடிக்காமல் பத்திரமாக எடுத்துவந்தேன். கிழக்கு நோக்கிப் போகும்போது பெரும்பாலும் தென்பாதைதான்: துருக்கி, மத்திய ஆசியா, சீனா வழியாக. மேற்கிலிருந்து வீசும் மேல்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும்.

சீன விமானங்களுக்கோ சைபீரிய வானம் இன்றும் திறந்திருக்கிறது. ஆகவே ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்குப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்குமுன் கிலோமீட்டரைப் பார்க்க வேண்டாம். விமானம் எந்த நாட்டுடையது என்று பாருங்கள்.