மறுகா பாப்பம்

வாப்பாவின் காலில் செருப்பைக் கண்டது பெருநாளிலும் ஜும்ஆவுக்குப் போகும் வேளைகளிலும் மட்டும்தான். மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றுச் சேற்றிலும் கண்டல் வேர்களிலும் மட்டிச் சிப்பிகளின் மேலும் நாற்பது வருடம் வீச்சுவலையோடு நடந்த கால்கள் அவருடையவை.

2012இல் அவர் தோணியை விட்டுவிட்டார். மூட்டு வலியால் குனிய முடியாது. ஒழுச் செய்ய நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். ஒரு சுபஹ் வேளையில், இடது குதிகாலின் ஓரத்தில் உளுந்தளவு கறுப்புப் புள்ளி ஒன்றைக் கண்டேன்.

"இதென்ன வாப்பா?"

"சிப்பி குத்தின தழும்பு மனெ. மறுகா பாப்பம்."

நானும் மறுகா என்றே இருந்துவிட்டேன். மாதங்கள் போகப் போகப் புள்ளி படர்ந்தது. ஓரங்கள் ஒழுங்கற்றிருந்தன, ஒரு பக்கம் கருமை, மறுபக்கம் மண்ணிறம். வாப்பா பிளேட்டால் சீவிப் பார்த்தார். உம்மா மஞ்சள் அரைத்துக் கட்டினார். இரத்தம் கசிந்து ஆறாமல் நின்ற பிறகே வைத்தியரிடம் போனோம். சிறு துண்டை வெட்டிச் சோதித்தார்கள். மெலனோமா என்றார்கள். தோலுக்கு நிறம் தரும் கலங்களில் தொடங்கும் புற்றுநோய்.

"அது வெள்ளைத் தோல்காரருக்கு வருவதல்லவா?" என்று கேட்டேன். வைத்தியர் பொறுமையாக விளக்கினார். வெள்ளைத் தோல்காரருக்கே மிக அதிகம். அவர்களுக்குச் சூரியனின் புற ஊதாக் கதிர்தான் முதல் எதிரி. சிறுவயதில் தோல் வெந்து சிவந்தவர்கள், உடம்பில் மச்சங்கள் நிறைந்தவர்கள், குடும்பத்தில் இந்நோய் கண்டவர்கள், தோலைக் கறுப்பாக்கும் விளக்குப் படுக்கையில் கிடப்பவர்கள் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். நண்பகல் வெயிலைத் தவிர்ப்பதும் தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் அவர்களுக்குப் பெரிய காவல்.

நம்முடைய கறுப்புத் தோலுக்கு அந்தக் காவல் ஓரளவு இயல்பிலேயே உண்டு. ஆனால் நமக்கு இந்நோய் அரிதாக வரும்போது, பெரும்பாலும் வெயில் படாத இடங்களையே தேடி வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. அதை வெயிலின் கணக்கில் எழுத முடியாது. செருப்புப் போட்டிருந்தால் வந்திராது என்றும் உறுதி சொல்ல முடியாது. ஜமைக்காப் பாடகர் பொப் மார்லியின் கால் விரல் நகத்தடியில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டதும் இதுதான். 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

ஆகவே நமக்குள்ள வழி, நேரத்தோடு காண்பது. இரு பாதியும் ஒத்திராத புள்ளி, பிசிறிய ஓரம், பல நிறம், 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலம், எல்லாவற்றுக்கும் மேலாக மாற்றம். நகத்தில் புதிதாக ஓடும் கறுப்புக் கோடு, ஆறாத புண். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காட்ட வேண்டும். தோலின் மேற்படையோடு நிற்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலும் சுகம். ஆழம் மில்லிமீற்றர் கணக்கில் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

வாப்பாவுக்கு அதற்குள் கவட்டில் நெறி கட்டியிருந்தது. மஹரகமவுக்கும் ஊருக்குமாக அலைந்தோம். 2014இல் மவுத்தானார்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது அந்தக் காலை நான்தான் கழுவினேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை தண்ணீர் பட்ட கால். கழுவினோம், பார்க்கவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு, விளக்கடியில் உட்கார்ந்து என் உள்ளங்கால்களைத் திருப்பிப் பார்க்கிறேன். கண்ணுக்கு எட்டாத இடத்தை மகள் பார்த்துச் சொல்வாள். உம்மாவின் காலையும் பார்ப்போம்.

"மறுகா பாரன் மனெ" என்பார் உம்மா. அந்தச் சொல்லுக்கு மட்டும் நான் கீழ்ப்படிவதில்லை.