தவிடு

ஜூன் மாதக் கடைசியில் பாளையங்கோட்டை முருகன்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும், முதல் வருடப் பிள்ளைகள் யார் என்று தெரிந்துவிடும். தகரப்பெட்டி போய் சக்கரம் வைத்த சூட்கேஸ் வந்திருக்கிறது. கூடவே வருகிற அப்பா மட்டும் மாறவே இல்லை. ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, அதற்குள் கப், சோப்பு டப்பா, சுருட்டிய பாய். ஆனிக் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்க, போகிற வருகிறவர்களிடம் ஹாஸ்டல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நிற்பார். அந்த வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஹாஸ்டல் வாசல் வரை நடந்து போய் விட்டு வருவதுதான் ஒவ்வொரு வருடமும் என் ஊழியத்தின் முதல் நாள். அன்றைக்கு வேத வசனம் கிடையாது, கைப்பிரதி கிடையாது. பையனின் பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர்களிடையே ஊழியம் செய்கிறேன் என்று சொன்னால் சபையில் பெரியவர்கள் பலரும் எந்தக் கல்லூரியில் சாப்ளினாக இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். எந்தக் கல்லூரியிலும் எனக்கு நாற்காலி இல்லை. பிள்ளைகள் தாங்களே கூடி, தாங்களே வேதத்தைத் திறந்து வாசித்து, தாங்களே ஜெபிக்கிற சின்னச் சின்ன ஐக்கியங்கள் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. நம் நாட்டில் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912இல் தொடங்கியது. சுவிசேஷ மாணவர் ஐக்கியங்கள் 1954இல் நாடளாவிய இயக்கமாக ஒன்றுசேர்ந்தன. இந்த இரண்டாவது வழியில் வந்தவன் நான். நடத்துவது மாணவர், தாங்குவது பட்டதாரிகள் என்பது அதன் ஆதாரக் கொள்கை. படிப்பு முடித்து வேலைக்குப் போன பிள்ளைகள் மாதா மாதம் அனுப்பும் 300, 500 ரூபாயில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. முன்பு மணியார்டர், இப்போது ஜிபே. ஒவ்வொரு தொகைக்குப் பின்னாலும் எனக்கு ஒரு முகம் தெரியும். அதனால் அந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கும்.

வேறெந்த சபைக்கும் இல்லாத ஒரு கஷ்டம் எங்களுக்கு உண்டு. மூன்றே வருடத்தில் எங்கள் கூட்டம் மொத்தமாக மாறிவிடும். ஒரு பையன் வாய் திறந்து ஜெபிக்கப் பழகவே ஒரு வருடம் ஆகும். அடுத்த வருடம் பொறுப்பு எடுப்பான். அதற்கடுத்த ஏப்ரலில் பெட்டியைக் கட்டிவிடுவான். போன கூட்டம் எதில் தவறியது, எதில் அழுதது, யாருக்கு யார் ஃபீஸ் கட்டினார்கள் என்பதெல்லாம் புதுக் கூட்டத்துக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனாலேயே, எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற எண்ணம் மனதில் மெல்ல ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த எண்ணத்தால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும்.

பல வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆகஸ்ட் மாத சனிக்கிழமை. கல்லூரிக்குள் கூடுவதற்கு அனுமதி இல்லாத பிள்ளைகளும் வரவேண்டும் என்பதற்காக ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். அன்று வேதபாடம் நடத்தும் முறை ஒரு இரண்டாம் வருட இயற்பியல் மாணவனுக்கு. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டு ஊர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன். கெட்ட குமாரன் உவமையை எடுத்திருந்தான். நாங்கள் வாசிப்பது 1871இல் வெளிவந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பின் வழியில் வந்த பழைய வேதாகமம். ஆங்கில மீடியத்தில் படித்த பிள்ளைகள் அதில் ‘ஆஸ்தி’ என்ற சொல்லைக் கண்டாலே முழிப்பார்கள். இவன் சரளமாக வாசித்தான். பஞ்சம் வந்து, அந்த இளையவன் பன்றி மேய்க்கப் போய், பன்றி தின்னும் தவிட்டுக்கு ஆசைப்படுகிற இடம் வந்தது. அங்கே நிறுத்தினான். புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் போனது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்னொரு நிமிடம். முதல் வருடப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. பையனுக்கு வார்த்தை வரவில்லை, காப்பாற்றவேண்டும் என்று நினைத்தேன். தகப்பனுடைய அன்பைப் பற்றிப் பேச ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் அவனே வந்து, “நன்றிண்ணே” என்றான்.

அதற்குப் பிறகு அவன் வேதபாடம் நடத்தவில்லை. கேட்டால், “வேற யாராவது பண்ணட்டும்ணே” என்று சிரிப்பான். பாய் விரிப்பான், பாட்டுப் புத்தகம் எடுத்துவைப்பான், எல்லாரும் போனபின் டம்ளர் கழுவுவான். மறுவருடம் ஏப்ரலில், ஹாஸ்டலைக் காலி செய்த நாள், அவனோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் சொன்னான்.

“அண்ணே, அன்னைக்கு நான் பேச்சு வராம நிக்கல. தவிடுன்னு வாசிச்ச உடனே எங்க ஆச்சி ஞாபகம் வந்துட்டு. ஒரு பஞ்சத்துல தவிட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சுத்தான் எங்க அப்பாவ வளத்திருக்கா. அத எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்லன்னு யோசிச்சிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிட்டீங்க.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க நல்லாத்தான் பேசுனீங்கண்ணே” என்று சேர்த்துக்கொண்டான். பஸ் வந்தது, ஏறிவிட்டான்.

பத்துப் பதினைந்து வருட வேதபாடங்களில் அந்த மாடியில் யாரும் சொல்லியிராத ஒன்றை அவன் சொல்ல இருந்தான். அந்த உவமையைப் பசியின் பக்கத்திலிருந்து வாசிக்க அங்கே இருந்த எங்களில் அவன் ஒருவனால்தான் முடியும். எனக்குத் தவிடு வெறும் ஒரு சொல்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையை அதற்குப் பிறகுதான் கவனித்துப் படித்தேன். 1874இல் எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, உடல்நலக் குறைவால் பட்டம் பெறாமலேயே வெளியே வந்தவர். இந்த ஒரு செய்தியை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. நவம்பரிலும் ஏப்ரலிலும் எங்கள் ஜெபக் குறிப்பு நோட்டில் பாதிக்குமேல் ‘அரியர்’ என்றுதான் எழுதியிருக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் நான்கு தாளை மறைத்துவைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடப்பவனிடம் பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பட்டம் வாங்காத அந்த மனிதர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா முழுக்க இளைஞர்களிடம் அலைந்தார், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார் என்று சொல்வேன். பிறகு இருவரும் உட்கார்ந்து எந்தத் தாளை முதலில் எழுதுவது என்று பார்ப்போம்.

ஆனால் அசரியாவிடம் நான் எனக்காக எடுத்துக்கொண்டது வேறு. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், இந்தியாவுக்கு எவ்வளவோ கொடுத்திருந்த வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் நின்று, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே நட்பு எளிதில் வராது. கொடுப்பவன் பேசிக்கொண்டே இருப்பான். நூறு வருடம் கழித்து, வெள்ளைக்காரன் யாருமே இல்லாத ஒரு மொட்டை மாடியில், ஒரு தமிழன் இன்னொரு தமிழனுக்கு அதையே செய்யமுடியும். செய்தவன் நான்.

நட்பு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் “தம்பிக்கு எந்த ஊர்?” என்று கேட்டால், ஊரின் பெயரைக் கேட்டதும் அடுத்து எந்தத் தெரு என்று வரும். கேட்கப்படுவது சாதி என்பது இரண்டு பேருக்குமே தெரியும். பள்ளிக்கூடத்திலேயே கையில் கலர் கயிறு கட்டிச் சாதியைக் காட்டிப் பழகிய பிள்ளைகள்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தபோது, அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்பதும் பரிந்துரைகளில் ஒன்று. எங்கள் சபைகள் இதில் சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே பாமாலையைப் பாடிவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் பிரிந்து போகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. நாங்குநேரிச் செய்தி வந்த வாரம் வேதபாடம் நடக்கவில்லை. பிள்ளைகள் பேசினார்கள். ஒரு பையன் தன் கையிலிருந்த கயிற்றை அறுக்கவில்லை, சட்டைக் கையை இறக்கி மறைத்துக்கொண்டான். அடுத்த வாரமும் வந்தான். நவம்பரில் ஒரு நாள் பார்த்தேன், கயிறு இல்லை. எப்போது கழற்றினான் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை.

அந்த 2023 டிசம்பரை மறக்கமுடியாது. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மாலையில் கேரல் ரவுண்ட்ஸ் போவதாக ஏற்பாடு. காலையிலிருந்தே மழை விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. கரண்டு போய், செல்போனும் செத்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் கிடந்தோம். மூன்றாம் நாள் போனில் ஒரு கோடு சிக்னல் வந்ததும் வந்த முதல் அழைப்பு ஒரு பி.காம். மாணவியுடையது. “அண்ணா, நாங்க சிந்துபூந்துறைல இருக்கோம். வீட்டுக்குள்ள வந்த சேற்ற வாரிட்டு இருக்கோம். என்.எஸ்.எஸ். பசங்களும் இருக்காங்க. நீங்க வர்றதா இருந்தா மம்பட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க.”

போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் முழங்கால் வரை சேறாக நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் ஐக்கியத்தில் இல்லாதவர்கள், பக்கத்து அறைத் தோழிகள். கேரல் ஆராதனைக்கென்று வாங்கி, அவள் பொறுப்பில் கொடுத்திருந்த மெழுகுவத்திகள் முழுவதையும் இருட்டிக் கிடந்த தெருவில் வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்து முடித்திருந்தாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சபைப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என்று இழுத்திருப்பேன், இன்னொரு இரவு போயிருக்கும். எனக்கு ஒரு மூலையைக் காட்டி, “அண்ணா, நீங்க அந்த அடுக்களையப் பாருங்க” என்றாள். பார்த்தேன். அரிசிப் பானைக்குள் சேறு. அந்த வீட்டு அம்மா பானையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றார். மாணவிகளில் ஒருத்தி அவரோடு திண்ணையில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. இருபது வருடம் நான் படித்துக்கொண்டிருக்கிற பாடத்தை அவள் எப்படியோ தெரிந்துவைத்திருந்தாள்.

ஜனவரி தொடங்கி நாட்கள் ஓடிவிடும். பொங்கல் விடுமுறை, பிறகு இன்டர்னல் பரீட்சை, லெந்து நாட்கள், பெரிய வெள்ளி. பிள்ளைகள் பலருக்கு மும்மணி நேர ஆராதனை முடிந்த மறுவாரமே செமஸ்டர். ஏப்ரலில் வழியனுப்பு. மே மாதம் ஹாஸ்டல் கதவுகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். அந்த மாதம்தான் நான் ஊர் ஊராகப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவேன். சங்கரன்கோவில் பக்கம் அந்தப் பையன் வீட்டுக்கும் ஒருமுறை போனேன். அவன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். ஆச்சி இறந்துபோயிருந்தாள். அவன் அப்பா தொழுவத்தில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார், கையை உதறிவிட்டு வந்து நாற்காலி போட்டார். ஆச்சியைப் பற்றிக் கேட்டேன். சாயங்காலம் கடைசிப் பஸ் வரும் வரை அவர் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் முதல் கூடுகை ஜூலை இரண்டாவது சனிக்கிழமை. மாடியில் பாய் விரித்திருந்தது. வேதபாடம் நடத்தியது இரண்டாம் வருடக் கணிதத் துறைப் பெண். அவளாகவே அதே உவமையை எடுத்திருந்தாள், நான் எதுவும் சொல்லவில்லை. பஞ்சம் வரும் இடம் வரை வாசித்துவிட்டு நிமிர்ந்து, “இதுல உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. காற்றில் வேதாகமத்தின் தாள்கள் படபடத்தன. ஒரு நிமிடம் இருக்கும். எனக்குச் சொல்ல நாலைந்து காரியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. தண்ணீர்ச் செம்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். தூரத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டு, அதுவும் தேய்ந்தது.

கடைசி வரிசையில், வாளியோடு வந்த நாளிலிருந்து பெயரைத் தவிர வேறெதுவும் பேசாத ஒரு பையன், “அக்கா, இவன் ஏன் முதல்லயே வீட்டுக்குப் போகல? வெக்கமா?” என்று கேட்டான்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. “உனக்கு என்ன தோணுது, சொல்லு” என்று அவனிடம் கேட்டாள்.