சிங்கமா, கழுதையா?

"கோயில் கட்டுறது ஈயடிச்சான் கொப்பி. நாங்க படிக்கிறதுதான் டிசைன்" எண்டு கட்டடக்கலை படிக்கிற என்ட மச்சான் சொல்லுவான். லாப்டாப்பில் கிராஸ்ஹொப்பரைத் திறந்து ஒரு ஸ்லைடரை இழுப்பான். ஒரு எண் மாற, தூண், கூரை, ஜன்னல் எல்லாம் சேர்ந்து மாறும். பெராமெட்ரிக் டிசைன் என்பது இதுதான்: உருவத்தைத் தரும் விதியை எழுதிவிட்டு, எண்களை மாற்றிப் பார்ப்பது.

அப்படிப் பார்த்தால் ஸ்தபதிமார் இதை எப்பவோ தொடங்கிட்டாங்க. மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்களில் ஆயாதிக் கணக்கு இருக்கு. அதில் ஒன்று யோனி. அளவை 3ஆல் பெருக்கி 8ஆல் வகுக்க வேணும். மீதி ஒற்றையாக வந்தால் நல்லது: 1 கொடி, 3 சிங்கம், 5 எருது, 7 யானை. 25 முழம் என்றால் 75. மீதி 3, சிங்கம். ஒரு முழம் கூட்டினால் 78; மீதி 6, கழுதை! இன்னும் ஒரு முழம் கூட்டுங்க: 81, மீதி 1, கொடி. விதி ஒன்று, கோயில்கள் எத்தனை விதம்!

புதியவர்களிடமும் தடைகள் உண்டு. 2008இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் பட்ரிக் ஷூமாக்கர் 'பெராமெட்ரிசிசம்' பற்றி அறிக்கை வெளியிட்டார். சதுரம், முக்கோணம், வட்டம் போன்ற இறுகிய வடிவங்கள் கூடாது. ஒன்றையே திருப்பித் திருப்பி வைக்கக் கூடாது. தொடர்பில்லாதவற்றை அருகருகே வைக்கவும் கூடாது.

அந்தக் கடைசித் தடையை வைத்துப் பார்த்தால் எங்கட முன்னேஸ்வரம் முழுக்கப் பிழை. சிவன், காளி, ஐயனார், பிள்ளையார், பௌத்த விகாரை எல்லாம் பக்கம் பக்கமாக. போர்த்துக்கேயர் 1578இல் இடித்த சிவன் கோயிலை 1753இல் மீளக் கட்டுவித்தவர் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், பௌத்தத்தைக் காத்த அரசன். காளியிடம் நேர்த்தி வைக்கச் சிங்களச் சனம் நிறைய வரும்.

ஸ்லைடரை இழுக்கும்போது எல்லா எண்ணும் அசையாது. சிலதை டிசைனர் முன்கூட்டியே பூட்டி வைத்திருப்பார். ஊரைத் தாண்டினால் எங்களிடமும் கேட்பாங்க: "தமிழ் ஆள்தானே, உங்கட தமிழ் ஏன் இப்பிடி?" சிங்களம் கலந்த பேச்சு அம்மம்மா காலத்திலிருந்தே எங்கட வீட்டில் இருக்கு. தமிழர் என்றால் இப்படித்தான் பேச வேணும் என்று அந்த எண்ணைப் பூட்டியது யார்?

விதியைக் காப்பாத்துறதா, உடைக்கிறதா என்பது பிறகு வருகிற கேள்வி. ஸ்தபதியிடமும் சொப்ட்வெயர்க்காரரிடமும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எதை மாற விட்டிருக்கிறீங்க, எதைப் பூட்டியிருக்கிறீங்க, யாருக்காக?