கோடை விடுமுறைக் கணக்கு

வேலூரை 'வெயிலூர்' என்று கேலி செய்கிறவர்கள் சித்திரை மாதத்தில் ஒரு நாள் இங்கே வந்து தங்கிப் பார்க்கவேண்டும். அப்புறம் கேலி செய்ய அவர்கள் நாக்கில் ஈரம் இராது. நடுப்பகலில் பாலாற்று மணலில் கால் வைத்தால், வறுசட்டியில் விழுந்த நெல்லின் கதிதான். இப்படிப்பட்ட ஊரில் கோடைக்குப் பள்ளிக்கூடங்களை மூடிவிடுவது மிகவும் நியாயமே. விடுமுறை வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆம்பூர்ப் பக்கத்தில் உபாத்தியாயராக இருந்தவன் நான். விடுமுறையின் அருமை பிள்ளைகளைவிட உபாத்தியாயர்களுக்கு அதிகமாகத் தெரியும்!

ஆனால் அத்தனை வருஷங்களிலும் ஜூன் மாதம் வந்ததும் ஒரே காட்சியைக் கண்டேன். ஏப்ரலில் வாய்ப்பாட்டைத் தங்கு தடையின்றி ஒப்பித்த பிள்ளைகளில் பாதிப் பேர், ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். மற்றப் பாதிப் பேர் போனபோது இருந்ததைவிடக் கெட்டிக்காரர்களாகத் திரும்பி வருவார்கள். அந்த இரண்டு பாதிகளும் யார் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். வீட்டில் பத்திரிகையும் புத்தகமும் உள்ள குடும்பத்துக் குழந்தைகள் மறப்பதில்லை. தோல் தொழிலில் கூலிக்கு உழைக்கும் குடும்பத்துக் குழந்தைகள்தான் மறந்துவிடுகிறார்கள்.

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோலால் வாழ்கின்றன. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமிய ரசாயனம் வந்தது. அதனால் பாலாறும் கிணறுகளும் பட்ட பாட்டை 1996-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துச் சொல்லித் தீர்ப்பளித்தது. இன்று பதனிடுவதோடு பாதரட்சை செய்யும் தொழிலும் பெருகியிருக்கிறது. விடியற்காலையில் 'ஷூ கம்பெனி' வண்டிகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. வண்டி ஏற முடியாத பெண்களுக்கு வேலையே வீடு தேடி வருகிறது. வெட்டிய தோல் துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பாதரட்சையின் மேற்பாகத்தை அந்தப் பெண்கள் கையால் தைக்கிறார்கள்.

தாய் கம்பெனிக்குப் போனால் விடுமுறையில் தம்பியைப் பார்த்துக்கொள்வது யார்? பத்து வயது அக்காள்தான். தாய் வீட்டில் தைத்தால் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது யார்? அதுவும் அந்த அக்காள்தான். குழந்தைத் தொழில் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது, ஆபத்தான வேலை அல்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் குழந்தை உதவி செய்யலாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். சட்டத்திலேயே விடுமுறை என்ற சொல் இடம் பெற்றுவிட்டது! தாயாரைக் குறை கூற எனக்கு மனம் வராது. ஆனால் நூல் கோக்கும் விரல்கள் ஒன்றரை மாதம் பென்ஸிலைத் தொடாமல் இருந்தால், ஜூன் மாதத்தில் அந்தப் பெண் கடைசி பெஞ்சிக்குப் போகிறாள். இரண்டு மூன்று கோடைகள் சென்றபின் பள்ளிக்கூடத்தை விட்டே போய்விடுகிறாள்.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் குழந்தைகளை 1982 முதல் பல வருஷம் தொடர்ந்து கவனித்த அறிஞர்கள் இதைக் குழாய்க்கு ஒப்பிட்டார்கள். பள்ளி நடக்கும்போது குழாய் எல்லாருக்கும் ஒழுகுகிறது. கோடையில் அது மூடிக்கொள்கிறது. வசதியுள்ள வீட்டில் வேறு தண்ணீர் உண்டு. ஏழை வீட்டில் இல்லை. பின்னால் வந்த சில ஆராய்ச்சியாளர்கள், அந்தப் பரீட்சைகளின் முறையைப் பொறுத்து இழப்பு மிகையாகத் தெரிந்திருக்கலாம் என்று ஆட்சேபித்திருக்கிறார்கள். ஆகவே அயல்நாட்டுக் கணக்கோடு நிற்காமல் நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய நம் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. யாரும் கேளாமலே வந்த மகா நீண்ட விடுமுறை அது! தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பரீட்சித்த ஆராய்ச்சியாளர்கள், மொழியைவிடக் கணக்கில் இழப்பு அதிகம் என்று கண்டார்கள். ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அப்படித் திரும்பியதில் சுமார் 24 சதவிகிதத்துக்குக் காரணம், அரசாங்கம் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'. அதில் சுமார் 2 லட்சம் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு, மாலையில் ஒன்றரை மணி நேரம் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022-ல் பள்ளி திறப்பதற்கு முன், ஜூன் 1 முதல் 12 வரை, வாசிப்புப் போட்டி ஒன்றும் நடத்தினார்கள். அதற்கும் முன்னால், 2008-ல் பீஹாரில் அரசாங்கப் பள்ளி உபாத்தியாயர்களே கோடையில் ஒரு மாதம் வாசிப்பு முகாம் நடத்தி நல்ல பலன் கண்டதுண்டு. தினம் ஒரு மணி, இரண்டு மணி நேரம் போதும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஓய்வு பெற்ற பிறகு நானும் கோடையில் என் வீட்டுத் திண்ணையைத் திறந்து வைத்தேன். பகலில் வகுப்பு கிடையாது. வெயில் தாழ்ந்து மணி ஐந்தரை ஆனால் ஆரம்பம். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் உருது, தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். பாடப் புத்தகத்தை நான் தொடவே இல்லை. முதலில் ஒரு கதை. அதை ஒவ்வொருவராக உரக்கப் படிக்கவேண்டும். பிறகு கணக்கு. அதற்கு அவரவர் வீட்டுக் கணக்கையே கொண்டுவரச் சொன்னேன்: பால் கணக்கு, மளிகைக் கணக்கு, தையல் கூலிக் கணக்கு.

ஐந்தாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி தன் தாயாரின் கூலி நோட்டைக் கொண்டுவந்தாள். மூன்று வாரத்து ஜோடிகளைக் கூட்டிக் கூலியால் பெருக்கினாள். விடை நோட்டில் இருந்த தொகைக்கு ஒத்துவரவில்லை. தவறு தன்னுடையதுதான் என்று எண்ணி மூன்று தரம் அழித்து அழித்துப் போட்டாள். நானும் போட்டுப் பார்த்தேன். பெண்ணின் கணக்குச் சரி. மூட்டை கொண்டுவரும் தரகருடைய கூட்டலில் 37 ஜோடி காணாமல் போயிருந்தது!

மறுநாள் தரகர் முணுமுணுத்துக்கொண்டே பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று மாலை அந்த அம்மாள் முதல் தடவையாக என் வாசலுக்கு வந்தார். "ஸார், நூல் கோக்க இவள் இல்லாவிட்டால் நாளைக்கு நாலு ஜோடி குறையும். குறைந்தால் குறையட்டும். இனிமேல் சாயங்காலம் இவளை நான் கூப்பிடமாட்டேன்" என்றார். நாலு ஜோடிக் கூலி அந்த வீட்டில் எவ்வளவு பெரிய பணம் என்று எனக்குத் தெரியும். ஆகையால் நான் பதில் சொல்லவில்லை, கை கூப்பினேன்.

1931-ம் வருஷத்தில் மன்னார்குடியில், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். புத்தகம் இருக்கும் இடத்துக்கு வர முடியாதவர்களை நாடிப் புத்தகம் போகவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இன்று நமக்கு மாட்டு வண்டிகூட வேண்டியதில்லை. இதைப் படிக்கும் வீடுகளில் கல்லூரி விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் இருப்பார்கள். பரணில் பழைய கதைப் புத்தகங்கள் இருக்கும். மாலையில் காற்று வரும் ஒரு வாசற்படியும் இருக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் குழந்தையையும் அடுத்த தெருக் குழந்தைகள் நாலைந்து பேரையும் கூப்பிடுங்கள். குடிக்கப் பானைத் தண்ணீர் வையுங்கள். ஒரு கதை, ஒரு கணக்கு போதும். வருகிற சித்திரையிலேயே தொடங்கலாம்.