வீடும் ஒரு பள்ளியே

கல்வி என்றதும் நம் மனக்கண்முன் முதலில் தோன்றுவது பள்ளிக் கட்டடமே. கரும்பலகையும் மணியும் வரிசையாக நிற்கும் பிள்ளைகளும் இல்லாத இடத்தில் கல்வி நிகழ முடியும் என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அண்மைக் காலமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் முறையைப் பற்றி நகர்ப்புறத்தார் பேசக் கேட்கிறோம். வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கும் அது நன்மை பயக்கும் என்பாரும் உளர். கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் நெடுநாள் பணியாற்றி வருபவன் என்னும் முறையில், இக்கருத்தை இங்குள்ள நம் மக்களின் வாழ்வோடு பொருத்திப் பார்க்க விழைகிறேன்.

முதலில் சட்டத்தை அறிந்து கொள்வோம். கல்விச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டு செய்யப்பெற்ற திருத்தத்தினால், 2003 முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ, ஆறு மாதத்திற்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்க அத்திருத்தம் இடமளித்தது. வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் முறைப்படி விலக்குப் பெற வேண்டும். எனவே, முழுநேர வீட்டுக் கல்வி என்பது ஓய்வும் வருவாயும் வாய்ந்த சிலருக்கே கைகூடும். விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, இருட்டிய பின் வீடு திரும்பும் தாய்க்கு அது ஆகாத காரியம்.

ஆயினும், வீட்டுக் கல்வி என்பது பள்ளிக்கு மாற்றாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லையே! பள்ளிக்குத் துணையாக, நாள்தோறும் அரை மணி நேரம், உழைக்கும் பெற்றோரே நடத்தக்கூடிய ஒரு பள்ளி உண்டு. அதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

இப்பள்ளி நம்மிடையே வேரூன்றாமல் போனதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றுண்டு. சிலாங்கூரை உள்ளிட்ட அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களில், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று பணித்தது. அதனால் தோட்டங்கள்தோறும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. நன்மையே! ஆனால், அப்பள்ளியைக் கட்டியது தோட்டம். ஆசிரியரை அமர்த்தியது தோட்டம். பெற்றோர் இருட்டோடு பிரட்டுக்குச் சென்றனர். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போயிற்று. வளர்ந்த பிள்ளை பள்ளிக்குப் போயிற்று. குடியிருந்த லயத்து வீடும் தோட்டத்துடையதே. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஒரு சமுதாயம், ‘பிள்ளைக்குக் கற்பிப்பது வாத்தியார் வேலை, நம் வேலை மரம் வெட்டுவது’ என்று எண்ணியதில் வியப்பென்ன?

இன்று சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் ஆகிய வட்டாரங்களில் நிலைமை மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. லயங்களை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடியேறிய குடும்பங்கள் பல. பால்வாளி தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைகளில் இரவு பகல் என முறைவைத்து வேலை செய்கின்றனர். தோட்டம் போயிற்று, ஆனால், தோட்டம் பழக்கிய அந்த எண்ணம் மட்டும் போகவில்லை. பெற்றோர் சந்திப்பு நாளில் நான் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை: “நாங்க என்னா சார் படிச்சிருக்கோம், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க? நீங்க பாத்துக்குங்க.” இதில் பணிவு இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது, அதற்கடியில் ஆழ்ந்ததொரு தாழ்வுணர்ச்சியும் இருக்கிறது. அவ்வுணர்ச்சியைப் பிள்ளையும் அருகில் நின்று கேட்டுக் கொண்டிருக்கிறது என்பதே என் கவலை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பள்ளிகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. இல்லிருப்புக் கற்றல் என்னும் சொல் நமக்கு அறிமுகமாயிற்று. கல்வி அமைச்சு 2021 பிப்ரவரியில் கல்விக்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசையும் தொடங்கியது. நாடு முழுவதும் வீடே பள்ளியாகிவிட்ட அக்காலம், யாரும் விரும்பாமல் வந்த சோதனைக் களம். எங்கள் பகுதியில், ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். இரவு எட்டு மணிக்கு மேல்தான் பிள்ளை பாடத்தைக் காண முடியும்.

பள்ளி மீண்டும் திறந்தபோது வாசிப்புத் திறனைச் சோதித்தோம். இணைய வசதியும் புதுக் கருவியும் பெற்றிருந்த சில பிள்ளைகள் எழுத்துகளையே மறந்து வந்திருந்தனர். ஒரே கைப்பேசியைப் பகிர்ந்து கொண்ட வீட்டுப் பிள்ளைகளுள் சிலர் முன்னேறி வந்திருந்தனர். அவர்களுள் ஆண்டு இரண்டில் பயின்ற ஒரு சிறுமியின் தாயாரை அழைத்துப் பேசினேன். தொழிற்சாலையில் வேலை செய்பவர். மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத்து அறியாதவர். “எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது சார். சமைக்கிறப்ப பக்கத்துல உக்காந்து சத்தமா வாசிக்கச் சொல்லுவேன். தடுமாறுனா அவ கொரல்லயே தெரிஞ்சிரும். ‘திரும்ப வாசி’ம்பேன்” என்றார். பாடநூலில் இருந்தது என்ன என்று அத்தாய் அறியார். மகளின் குரலை அறிவார். அதுவே போதுமானதாக இருந்தது. சில மாதங்களில் மகளே தாய்க்கு எழுத்துக் கற்பித்தாள். அவ்வாண்டு மதிப்பீட்டு அறிக்கையில் அத்தாய் தம் பெயரைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டார்.

வீட்டுக் கல்வியின் நன்மைகளை இந்நிகழ்ச்சியிலிருந்தே பிரித்தெடுத்துக் காட்டலாம்.

முதல் நன்மை, காலம். வகுப்பில் ஒரு பாடவேளை முப்பது நிமிடம். அதில் இருபது பிள்ளைகள் இருந்தால் ஒருவர்க்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். வீட்டில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினாலும், அது முழுமையும் ஒரே பிள்ளைக்கு உரியது. வேலை நேரம் எப்படி மாறினாலும் இப்பள்ளியின் மணி அதற்கேற்ப மாறும். இரவு வேலைக்காரர் மாலையில் நடத்தலாம். பகல் வேலைக்காரர் உணவுக்குப்பின் நடத்தலாம்.

இரண்டாவது, குறையை முளையிலேயே அறிதல். நாள்தோறும் பிள்ளை வாசிக்கக் கேட்கும் தாய், அதன் தடுமாற்றத்தை முதலாண்டிலேயே உணர்ந்து ஆசிரியரிடம் சொல்லிவிடுவாள். கேளாத வீட்டில், நான்காம் ஆண்டில் மதிப்பெண் கண்ட பிறகே திடுக்கிடுவார்கள். பின்பு துணைப்பாட வகுப்புக்குக் கட்டணம் செலுத்தக் கூடுதல் நேர வேலை பார்ப்பார்கள்.

மூன்றாவது, வாழ்க்கையே பாடநூலாதல். செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோ என்றால், பதினைந்து குலையின் எடை என்ன? குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்தால் எவ்வளவு? 187 வெள்ளி என்று விடை கண்ட மாணவன், விழுக்காட்டை மட்டுமா கற்கிறான்? தந்தையின் உழைப்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதையும் கற்கிறான். தம் சம்பளச் சீட்டை மகன் படித்துக் காட்டும் நாளில், தந்தையும் தம் உரிமையை அறிகிறார்.

நான்காவது, இவை எல்லாவற்றினும் பெரிது. பெற்றோரிடம் கற்பதற்கு ஒன்றுண்டு என்று பிள்ளை உணர்கிறது. இடைநிலைப்பள்ளி சென்று பதினான்கு வயதில் வழி தடுமாறும் பிள்ளைகளை நாம் அறிவோம். சிறுவயது முதல் இரவுதோறும் பெற்றோரோடு பேசிப் பழகிய பிள்ளை, தன் துன்பத்தையும் அவர்களிடமே கூறும்.

இதனால் வீடே போதும் என்று யாரும் கொள்ளற்க. ஆய்வுக் கூடமும் விளையாட்டுத் திடலும் தோழமையும் வீட்டில் இல்லை. பூட்டிய வீட்டில் தொலைக்காட்சியோடு பிள்ளையை விட்டுச் செல்வது வீட்டுக் கல்வி ஆகாது. களைத்து வந்த சினத்தில் அடித்துக் கற்பிப்பதும் கல்வி ஆகாது. பதினைந்து நிமிடம் பொறுமையாகக் கேட்க இயலாத நாளில் புத்தகத்தை மூடிவிட்டுக் கதை பேசுவதே நன்று.

இறுதியாக, ஆசிரியத் தோழர்களுக்கும் பயிற்சியில் இருக்கும் இளையோர்க்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சிக் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கற்றோம். பெற்றோருக்கு வழிகாட்டக் கற்றது குறைவே. வினாவையே படிக்க இயலாத வீட்டுக்கு நாம் பத்துக் கணக்குகளைக் கொடுத்தனுப்புகிறோம். மறுநாள் செய்யாத பிள்ளையை நிற்க வைக்கிறோம். இனி, கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும் என்னும் வகையில் வீட்டுப்பாடத்தை அமைப்போம். ‘இப்பக்கத்தை அம்மாவுக்கு இருமுறை வாசித்துக் காட்டு, அப்பாவிடம் அவர் படித்த பள்ளியைப் பற்றிக் கேட்டு ஐந்து வாக்கியம் எழுது’ என்று சொல்லியனுப்புவோம். பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்ணைப் படித்துக் காட்டுவதோடு நில்லாமல், பிள்ளை வாசிப்பதை எப்படிக் கேட்பது என்று ஐந்து நிமிடம் செய்து காட்டுவோம். தந்தையின் கடமையைக் கூறும் குறளை மாணவரை ஒப்புவிக்கச் சொல்லும் நாம், அக்கடமையை ஆற்றும் வழியைத் தந்தையருக்குக் காட்ட வேண்டாமா?

‘நாங்கள் படிக்காதவர்கள்’ என்று எந்தத் தாயும் தன் பிள்ளையின் முன்னிலையில் சொல்லாத ஒரு காலம் வர வேண்டும். அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை, மானியம் தேவையில்லை. வீடுதோறும் ஒரு குரல் வாசிக்கவும், அதைக் கேட்க ஒரு செவி காத்திருக்கவும் வேண்டும். அவ்வளவே!